அளவுநூலும் உளைநிலமும்: 'இந்திய வனநிலை அறிக்கை 2023' பற்றிய ஒரு திறனாய்வு

'இந்திய வனநிலை அறிக்கை 2023' என்னும் நூல் 2024 டிசம்பர் 21 அன்று தேராதூனில் வெளியிடப்பெற்றது. 1987 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்னும் திட்டத்தில் வெளிவரும் இவ்வரிசையில் இது பதினெட்டாவது. அரசாங்கத் துறையொன்றின் புள்ளிவிவர நூலை இறையியல் ஏட்டில் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது வழக்கமன்று. ஆயினும் எண்ணாகமத்தின் முதல் அதிகாரங்களைப் பொறுமையோடு வாசிக்கப் பழகிய நமக்கு அட்டவணைகள் அச்சமூட்டுவன அல்ல. எவற்றை எண்ணுவது, எவற்றை எண்ணாது விடுவது, எண்ணும் அதிகாரம் யாருடையது என்னும் வினாக்கள் திருமறை மாணவனுக்குப் புதியனவும் அல்ல. ஆகவே இந்நூலின் ஒரு பகுதியை, அதாவது காடுகளிலும் நிலத்திலும் தங்கியுள்ள கரிமத்தைக் கணக்கிடும் பகுதியை, எண்ணூர்க் கழிமுகத்தின் கரையில் நின்று வாசிக்க முயல்வோம்.

நூல் கூறும் செய்தி சுருக்கமாக இதுவே. இந்தியக் காடுகளில் தங்கியுள்ள கரிமம் 728.55 கோடி டன். முந்திய மதிப்பீட்டைக் காட்டிலும் இது 8.15 கோடி டன் மிகுதி. காடுகளுக்குப் புறம்பேயுள்ள மரங்களையும் சேர்த்துக் கரியமிலவாயுவின் அளவாக மாற்றிக் கூறினால் 3,043 கோடி டன். 2005-ஆம் ஆண்டோடு ஒப்பிட இது 229 கோடி டன் கூடுதலாகும். 2030-க்குள் 250 முதல் 300 கோடி டன் வரை கூடுதலாகச் சேர்த்துவைப்போம் என்று 2015-இல் நம் நாடு உலகுக்கு உறுதி கூறியிருந்தது. அவ்வுறுதி நிறைவேறும் நிலையை நெருங்கிவிட்டது என்பதே அறிக்கையின் உட்கிடை. செய்தித்தாள்களும் இதனை மகிழ்ச்சியோடு வெளியிட்டன.

இம்மகிழ்ச்சியில் பங்குகொள்ளுமுன் வேறோர் எண்ணையும் அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஐக்கிய நாடுகள் அமைப்புக்கு நம் அரசு அளித்த கணக்கின்படி 2020-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியா வெளியிட்ட வெப்பவாயுக்களின் அளவு ஏறத்தாழ 296 கோடி டன். அஃதாவது, பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இந்நாட்டு மரங்களும் மண்ணும் கூடுதலாகச் சேர்த்துவைத்தது, ஓராண்டில் நாம் வெளிவிடுவதற்கும் குறைவு. இவ்விரு எண்களும் அரசாங்கத்தின் எண்களே. ஆயின் அவை வெவ்வேறு நூல்களில் அச்சிடப்பெறுகின்றன.

கணக்கிடும் முறையைக் குறித்துச் சற்று விரிவாகவே கூறவேண்டும். அம்முறையை அறியாமல் அதனைப் பழிப்பதும் புகழ்வதும் எளிது. இரண்டும் நம் மேடைகளில் நடைபெறுகின்றன. காட்டின் கரிமம் ஐந்து இடங்களில் தங்குகிறது: தரைக்கு மேலுள்ள அடிமரமும் கிளையும் இலையும், தரைக்குக் கீழுள்ள வேர், பட்டுப்போன மரம், உதிர்ந்த சருகு, மண். அளவையாளர் மரத்தை வெட்டி நிறுப்பதில்லை. நின்ற மனிதனின் நெஞ்சு உயரத்தில், தரையினின்று 1.37 மீட்டர் மேலே, அடிமரத்தைச் சுற்றி நாடாவை வைத்துப் பருமனை அளக்கின்றனர். முன்னர் வெட்டி நிறுத்துப் பார்த்த மரங்களைக்கொண்டு உருவாக்கிய சமன்பாடுகளால், அப்பருமனிலிருந்து மரத்தின் எடையைக் கணிக்கின்றனர். ஈரம் நீங்கிய மரப்பொருளின் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். அதனை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் கரியமிலவாயுவின் அளவு கிடைக்கும். மண்ணுக்கு வேறு முறை: குழி தோண்டி மண்ணெடுத்து, உலர்த்தி, சலித்து, ஆய்வுக்கூடத்தில் கரிமத்தைப் பிரித்தறிகின்றனர். இவ்வாறு சில ஆயிரம் இடங்களில் கண்டதை, வானிலிருந்து துணைக்கோள் எடுத்த படங்களின் துணைகொண்டு நாடு முழுமைக்கும் விரிக்கின்றனர். மழையிலும் அட்டைக்கடியிலும் நாடாவைப் பிடித்து நிற்கும் வனத்துறைக் கடைநிலைப் பணியாளரின் உழைப்பு இவ்வெண்களுக்குள் இருக்கிறது. அது மதிக்கத்தக்க உழைப்பு. படைப்பை உற்றுநோக்கி அளப்பது தன்னளவில் பக்திக்குப் பகையன்று. யோபு 38-ஆம் அதிகாரத்தில் கடவுளே அளவுநூலைப் பற்றித்தான் யோபுவிடம் முதலில் கேட்கிறார்.

இந்த 'நூல்' என்னும் சொல்லைச் சிறிது கவனிக்கலாம். எபிரெயத்தில் 'காவ்' எனப்படும் அளவுக்கயிற்றை நம் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் பல இடங்களில் 'நூல்' என்றே பெயர்த்தனர். தமிழிலோ நூல் என்பது இழையுமாகும், ஏடுமாகும். மரத்தின் கோணலைத் தச்சனின் நூல் காட்டித் திருத்துவதுபோல மனத்தின் கோணலை ஏடாகிய நூல் திருத்தும் என்று நன்னூல் உவமை கூறுவதை நாம் அறிவோம். வனநிலை அறிக்கை இருபொருளிலும் நூல். எனவே அதன்முன் வைக்கவேண்டிய வினாவும் இரண்டு: அது நேராக இழுக்கப்பட்டிருக்கிறதா? அது எதன்மேல் போடப்படுகிறது?

திருமறையில் நூல் எப்போதும் நன்மைக்காகப் போடப்படவில்லை. தாவீது மோவாபியரைத் தரையில் கிடத்தி அவர்கள்மேல் நூல்போட்டான். இரண்டு நூலளவு சாவுக்கு, ஒரு நூலளவு வாழ்வுக்கு (2 சாமுவேல் 8:2). அளந்தவன் துல்லியமாகவே அளந்திருக்கலாம். துல்லியம் அங்கே இரக்கத்தைத் தரவில்லை. சமாரியாவின்மேல் போட்ட நூலையே எருசலேமின்மேலும் போடுவேன் என்று தீர்க்கர் வழியாகக் கடவுள் கூறும்போது (2 இராஜாக்கள் 21:13) நூல் தீர்ப்பின் கருவியாகிறது. சகரியா இரண்டாம் அதிகாரத்தில், அளவுநூலோடு எருசலேமை அளக்கப் புறப்பட்டவனை நோக்கித் தூதன் ஓடுகிறான். அந்நகரம் மதிலின்றிப் பரந்திருக்கும் என்பதே அவனுக்குச் சொல்லப்படவேண்டிய செய்தி. வெளிப்படுத்தல் 11:2-இல் ஆலயத்தின் புறம்பான பிரகாரம் அளக்கப்படாமல் விடப்படுகிறது, அளக்கப்படாதது மிதிக்கப்படுகிறது. இக்கடைசிக் குறிப்பு நம் பொருளுக்கு மிக நெருக்கமானது.

அறிக்கையின்படி காடு என்பது எது? ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில், மரங்களின் கவிகை நூற்றுக்குப் பத்து விழுக்காட்டுக்குக் குறையாதிருக்கும் எந்நிலமும் காட்டுப்பரப்பு எனக் கொள்ளப்படுகிறது. நிலம் யாருக்குரியது, மரம் எவ்வகையினது என்பன பொருட்படுத்தப்படுவதில்லை. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் இதனுள் அடங்கும், சீமைக்கருவேலங்காடும் அடங்கும். இவ்வரையறையை அறிக்கை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே கூறுகிறது. அவ்வகையில் அது நேர்மையான நூல். ஆனால் முன்னுரைப் பகுதியில் கூறப்பட்ட வரையறை, செய்தித்தாளின் தலைப்பை எட்டுவதற்குள் உதிர்ந்துபோகிறது. 'காடு பெருகியது' என்று வாசிப்பவன் களக்காட்டு மலைக்காட்டை எண்ணிக்கொள்கிறான். பெருகியது கருவேலமாகவும் இருக்கலாம்.

இவ்வரையறையோடு எண்ணூருக்கு வருவோம். கொசஸ்தலையாறு பக்கிங்காம் கால்வாயோடு கலந்து கடலைச் சேரும் இக்கழிமுகத்தில் நீர்ப்பரப்பு உண்டு, சேற்றுத்திட்டு உண்டு, உமரி படர்ந்த உவர்நிலம் உண்டு, பழைய உப்பளங்கள் உண்டு. ஓரங்களில் அலையாத்தி மரங்கள் மெல்லிய கரைபோல நிற்கின்றன. மேட்டுநிலங்களில் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கிறது. அறிக்கையின் நூலை இதன்மேல் போட்டால் என்ன ஆகும்? ஒரு ஹெக்டேர் பரப்பைக் கூட்டும் கருவேலப் புதர், கவிகை போதுமாயின், காடாக எண்ணப்பெறும். ஒரு ஹெக்டேரை எட்டாத அலையாத்தி வரிசை எண்ணப்பெறாது. பயன்படுத்தும் துணைக்கோள் படத்தின் ஒரு புள்ளியே 23.5 மீட்டர் அகலமுடையது. உமரிநிலமும் சேற்றுத்திட்டும் மரமற்றவை; ஆகவே காடல்ல. இறாலைக் கையால் தடவிப் பிடித்து வாழும் எளியோருக்கு அச்சேறே வயல் என்பதைத் துணைக்கோள் காண்பதில்லை. காணவேண்டும் என்று அதனிடம் எதிர்பார்ப்பதும் முறையன்று. ஆனால் காணாததை இல்லாதது என்று கொள்ளும் நிர்வாகத்தின் மனப்பழக்கத்தை நாம் கண்டிக்கலாம்.

இன்னொரு குறையும் உண்டு. அது வரையறையைப் பற்றியதன்று, ஆழத்தைப் பற்றியது. தேசிய அளவில் மண்ணின் கரிமம் மேற்பரப்பினின்று 30 சென்டிமீட்டர் ஆழம்வரையே அளக்கப்படுகிறது. மலைக்காட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். கடலோரச் சதுப்பின் இயல்போ வேறு. நீர் தேங்கிய சேற்றில் உயிர்வளி புகாமையால் இலையும் வேரும் எளிதில் மட்குவதில்லை. ஒவ்வொரு வெள்ளமும் கொணரும் வண்டல் அவற்றை மூடிப் புதைக்கிறது. இவ்வாறு நூற்றாண்டுகளாகக் கரிமம் அடுக்கடுக்காகச் சேர்கிறது. 2011-இல் வெளிவந்த ஆய்வொன்று இந்தோ-பசிபிக் பகுதியின் அலையாத்திக் காடுகளில் பல மீட்டர் ஆழம்வரை துளையிட்டு அளந்து, ஹெக்டேருக்குச் சராசரி 1,023 டன் கரிமம் இருப்பதாகவும், பல இடங்களில் அதில் பெரும்பங்கு மண்ணிலேயே உள்ளதாகவும் காட்டியது. எண்ணூரின் குறுகிய, இளைய, உவர்ப்பு மிகுந்த அலையாத்திகள் அவ்வளவு செழிப்பானவை அல்ல. எனினும் முறையின் குறை முறையின் குறைதான்: முப்பது சென்டிமீட்டரோடு நின்றுவிடும் குழி, சதுப்பின் செல்வத்தில் பெரும்பகுதியைக் கணக்குக்கு வெளியே விட்டுவிடுகிறது. அதன் விளைவாக, மண்கொட்டி மேடாக்கப்படும் சதுப்பினால் நாட்டுக்கு இழப்பு ஏதுமில்லை என்று ஏட்டில் தோன்றும்.

இவ்விடத்தில் எசேக்கியேல் 47-ஐ நினையாதிருக்க முடியவில்லை. கையில் நூல் பிடித்தவர் ஆயிரம் முழம் அளக்கிறார். தண்ணீர் கணுக்கால் அளவு. மீண்டும் ஆயிரம், முழங்கால் அளவு. மீண்டும் ஆயிரம், இடுப்பளவு. நான்காம் முறை அளந்தபோது அது கடக்க முடியாத ஆறாக இருந்தது. நூல் பொய்யாகவில்லை, நூலுக்கு அப்பால் ஆறு போய்விட்டது. அதன்பின் கரையின் மரங்களும், வலை விரிக்கும் மீனவரும், இனம் இனமான மீன்களும் கூறப்படுகின்றன. இவை அனைத்தும் நம் பிரசங்கங்களில் அடிக்கடி வருகின்றன. வராதது பதினோராம் வசனம். அங்கே சேற்றுப் பள்ளங்கள் மட்டும் ஆரோக்கியமாக்கப்படாமல் உப்புக்கென்று விடப்படுகின்றன. சிலர் இதனைச் சாபமென்று கொள்வர். ஆனால் உப்பில்லாமல் பலியில்லை என்று லேவியராகமம் 2:13 விதிக்கிறது; இதே தீர்க்கரின் 43:24-இலும் பலியின்மேல் ஆசாரியர் உப்பிடுகின்றனர். ஆகவே புதிய ஆலயத்தின் தேவைக்கென்று உவர்நிலம் உவர்நிலமாகவே காக்கப்படுகிறது என்னும் உரையே பொருத்தமாகத் தோன்றுகிறது. கடவுளின் புதுப்பித்தல் எல்லா நிலத்தையும் நன்செய்யாக்குவதன்று. சதுப்பு சதுப்பாக இருப்பதற்கும் அத்திட்டத்தில் இடமுண்டு.

இதனை நம் பிரசங்க மரபு மறந்தது தற்செயலன்று. நாற்பதாம் சங்கீதத்தின் உளையான சேறு நமக்கு அழிவின் படம்; கன்மலையே மீட்பின் படம். சங்கீதக்காரனின் துன்பத்துக்கு அப்படம் பொருந்தும். ஆனால் தலைமுறைதலைமுறையாக உளையென்றாலே பாவம், பாழ் என்று கேட்டுப் பழகிய செவிகளுக்கு, 'வீண்நிலத்தைப் பயன்படுத்துகிறோம்' என்னும் அறிவிப்பு இயல்பாகவே ஒலிக்கும். எண்ணூரின் சதுப்பு பாழ்நிலமெனப் பெயர்பெற்றதில் வருவாய்த்துறையின் புறம்போக்குப் பதிவேட்டுக்குப் பங்குண்டு. நம் உவமைகளுக்கும் சிறு பங்கு உண்டு என்றே எண்ணுகிறேன்.

பாழ்நிலமென்று பெயரிட்டபின் நடந்தவை வரலாற்றில் உள்ளன. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் இயங்கத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001-இல் நிலக்கரியை முதன்மையாகக் கொண்ட எண்ணூர்த் துறைமுகமும், பின்னர் வல்லூர் அனல்மின் நிலையமும் எழுந்தன. 1996-இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் கழிமுகமும் அதைச் சார்ந்த ஏறத்தாழ 6,500 ஏக்கர் நிலமும் கட்டுமானம் கூடாத பகுதியாகக் காட்டப்பெற்றிருந்தன. பின்வந்த வரைபடத்தில் அக்கழிமுகமே மறைந்துபோயிற்று என்று மீனவரும் சூழல் ஆர்வலரும் 2017-இல் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற ஆவணங்களைக் காட்டி முறையிட்டனர். ஆறு ஓடிக்கொண்டிருந்தது, தாளில் இல்லை. ஆமோசின் காலத்து வணிகர் மரக்காலைச் சிறிதாக்கினர். வரைபடத்திலிருந்து ஆற்றையே எடுத்துவிடும் வழி அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இப்போது எண்ணூரின் சேற்றுக்குள் ஒரு குழாயை இறக்கி மண்ணெடுப்பதாக வைத்துக்கொள்வோம். மேலடுக்கில் பல இடங்களில் சாம்பல் வரும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பற்குழம்பைக் கொண்டுசெல்லும் குழாய்கள் உடைந்தும் கசிந்தும் ஆற்றில் கலந்த செய்தி நீதிமன்றங்கள்வரை சென்றது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் 2022-இல் இதனை விசாரித்துத் தீர்ப்பளித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், கால்வாய் வழியாகக் கழிமுகத்தை அடைந்து படகுகளிலும் வலைகளிலும் அலையாத்தியின் மூச்சுவேர்களிலும் படிந்தது. இவற்றுக்கும் கரிம அளவைக்கும் தொடர்பென்ன என்று கேட்கலாம். தொடர்பு உண்டு, அது கசப்பானது. மண்ணின் கரிமத்தை அறியப் பரவலாகக் கையாளப்படும் முறை, மாதிரியை உலையிலிட்டு எரித்து இழந்த எடையையோ வெளிவரும் வாயுவையோ அளப்பது. நிலக்கரிச் சாம்பலில் எரியாமல் எஞ்சிய கரி உண்டு. எண்ணெயோ பெரும்பகுதி கரிமமே. உலை இவற்றைப் பிரித்தறியாது. இலை மட்கிச் சேர்ந்த கரிமமும் ஆலைக் கழிவாய் வந்த கரிமமும் ஒரே எண்ணாக வெளிவரும். கதிரியக்கக் கரிமத்தைக்கொண்டு பிரித்தறிய வழியுண்டு: கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்துகிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அக்கதிரியக்கம் எஞ்சியிருக்காது. ஆனால் அது செலவுமிக்க சோதனை. வழக்கமான கணக்கெடுப்பில் இடம்பெறுவதன்று. எனவே இத்தகைய சேற்றில், நோயையே உடல்நலத்தின் அடையாளமாக எழுதிக்கொள்ளும் ஆபத்து உள்ளது. அளப்போர் அறிவுக்கூர்மையுடையோர் என்பதால் இதைத் தவிர்ப்பர் என்று நம்பலாம். ஆனால் எண்ணை வாங்குவோருக்கு அதைத் தவிர்க்கும் ஆர்வம் இருக்கவேண்டியதில்லை.

எண்ணை வாங்குவோர் என்று கூறினேன். கரிமம் இப்போது விற்பனைப்பொருள். ஓரிடத்தில் மரம் நட்டுச் சேர்த்த கரிமத்துக்குச் சான்றிதழ் பெற்று, வேறிடத்தில் புகைவிடுவோருக்கு அதை விற்கலாம். 2023-இல் நம் நாட்டிலும் கரிமச் சான்று வணிகத்துக்கான திட்டம் அறிவிக்கப்பெற்றது. அதே ஆண்டில் கடலோர அலையாத்திகளை வளர்க்க 'மிஷ்டி' என்னும் நடுவண் அரசுத் திட்டமும் தொடங்கிற்று. இவற்றை விடுதலையின் நற்செய்தியாகக் கூறுவோரும் உளர். இதனைப் பதினாறாம் நூற்றாண்டின் பாவமன்னிப்புச் சீட்டோடு ஒப்பிட்டு எள்ளுவோரும் உளர். பின்னைய ஒப்புமை நம் புரொட்டஸ்டாண்டு செவிகளுக்கு இனிக்கும். ஆதலால் அதனை ஐயத்தோடு அணுகவேண்டும். தெட்சல் விற்ற சீட்டுக்குப் பின்னால் அளக்கத்தக்க பொருள் எதுவும் இல்லை. இங்கே மரம் உண்டு, கரிமம் உண்டு. எனவே 'முழுப்பொய்' என்று கூறித் தப்பிக்க நமக்கு உரிமையில்லை. லூத்தர் 1517-இல் எழுப்பிய வினாவின் ஒரு பகுதி மட்டும் ஈண்டுப் பொருந்தும்: சீட்டு வாங்கியவன் மனந்திரும்ப வேண்டிய தேவையை மறக்கிறானா?

இதற்கு விடைகாண ஒரு சிறு கணக்குப் போதும். நிலக்கரியால் ஒரு யூனிட் மின்சாரம் ஆக்க ஏறக்குறைய ஒரு கிலோ கரியமிலவாயு வெளிப்படும். வல்லூர் நிலையத்தின் திறன் 1500 மெகாவாட். முழுத்திறனில் ஒருமணி நேரம் இயங்கினால் 15 லட்சம் யூனிட். வெளிப்படுவது ஏறத்தாழ 1,500 டன். மேற்கூறிய செழிப்பான அலையாத்திக் காட்டின் ஒரு ஹெக்டேர், தன் மரத்திலும் வேரிலும் ஆழ்ந்த சேற்றிலும் நூற்றாண்டுகளாகச் சேர்த்த 1,023 டன் கரிமம், கரியமிலவாயுவாக 3,750 டன். அந்நிலையத்தின் இரண்டரை மணி நேரம்! சதுப்பு ஓராண்டில் புதிதாகப் புதைப்பதோ ஹெக்டேருக்கு இரண்டு டன் கரிமம் அளவே. அது அந்நிலையத்தின் இருபது நொடிக்கும் ஈடாகாது. இவ்வளவைக் கண்டபின்னும் 'நட்டோம், சரிக்கட்டினோம்' என்று கூறுவது நகைப்புக்குரியது. ஆனால் இக்கணக்கிலிருந்தே 'அப்படியானால் அலையாத்தி எதற்கு?' என்று முடிவுகட்டுவதும் தவறு. மீன்குஞ்சுக்கு இல்லமாகவும், புயலலைக்குத் தடையாகவும், வெள்ளத்துக்கு வடிகாலாகவும் சதுப்பு செய்யும் பணிகளைக் கரிமத்தின் நிறையால் அளக்க இயலாது. கரிமத்துக்காக மட்டும் மதிக்கப்படும் சதுப்பு, வேறிடத்தில் மலிவாகக் கரிமம் கிடைக்குமானால் மதிப்பிழந்துவிடும். விளக்கை மரக்காலால் மூடுவதைப் பற்றி ஆண்டவர் கூறியபோது கிரேக்கத்தில் நிற்பது தானியம் அளக்கும் பாத்திரமே. அளவுகருவியே ஒளியை மறைக்கும் மூடியாகலாம் என்பதைத் தமிழ் வாசகன் மூலமொழியின் துணையின்றியே உணர முடிகிறது.

கரிமக் கணக்கின் இலக்கணத்தில் 'கசிவு' என்றொரு சொல் உண்டு. ஓரிடத்தில் காத்த காட்டுக்குப் பதிலாக அடுத்த இடத்தில் வெட்டினால், அது கசிவு. அதனைக் கழித்தே கணக்கிடவேண்டும். இச்சொல்லை வடசென்னைச் சபைகள் தம் வரலாற்றிலேயே கற்கலாம். சென்னைத் துறைமுகத்தில் இறக்கிய நிலக்கரியின் தூசியால் ராயபுரம் மக்கள் பல்லாண்டு துன்புற்றனர். நீதிமன்ற ஆணையின் பயனாக 2011-இல் நிலக்கரி அங்கே நிறுத்தப்பட்டது. ராயபுரத்தின் காற்றுக்கு அது நன்மையே. நிலக்கரி எண்ணூர்ப் பக்கம் சென்றது. ராயபுரத்தில் நன்றி ஆராதனை செய்தவர்கள் எண்ணூரின் கணக்கைக் கழித்துப் பார்த்தார்களா என்று கேட்பது கடுமையாகத் தோன்றலாம். ஆயினும் இரு இடங்களிலும் நம் ஆலயங்கள் இருக்கின்றன.

மற்றொன்றையும் மறைத்தல் தகாது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் நம் சபையார் பலர் இவ்வாலைகளின் தொழிலாளர், ஒப்பந்தப் பணியாளர், துறைமுகச் சுமையாளர். அவர்களுடைய சம்பளத்தின் ஒரு பங்கே காணிக்கைப் பையில் விழுகிறது. ஆயரின் ஊதியமும் அதிலிருந்தே வருகிறது. நிலக்கரியைப் பழிக்கும் பிரசங்கம் அப்பையைக் கடந்து பேசவேண்டியிருக்கிறது. ஆலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து நடைபெறும் மரநடு விழாக்களுக்கு ஆயர் ஜெபிக்க அழைக்கப்படுவதும் இனிக் கூடுமேயன்றிக் குறையாது. போகலாமா, கூடாதா என்று பொதுவிதி வகுக்க இக்கட்டுரை முனையவில்லை. போகிறவர் மூன்று வினாக்களைக் கையில் கொண்டுபோகலாம். முன்பு இங்கே என்ன இருந்தது? சேற்றுத்திட்டை வெட்டி வாய்க்காலிட்டு அலையாத்தி நட்டால், அங்கே இறால் பிடித்தோர் எங்கே போவர்? நட்டது எத்தனை என்றல்ல, மூன்றாண்டு கழித்து எத்தனை நிற்கிறது என்று எண்ணப்போவது யார்? இம்மூன்றில் முதலாவதே கடினமானது. கெடுத்து வெறுமையாக்கிய நிலத்தைத் தொடக்கநிலை எனக் கொண்டால், பின்னர் நடும் ஒவ்வொரு கன்றும் ஆதாயமாகக் காட்டப்படும். 1996-இன் வரைபடத்தைத் தொடக்கநிலை எனக் கொண்டால், நெடுங்காலத்துக்குக் கடனே எஞ்சும். எவ்வாண்டிலிருந்து கணக்கைத் தொடங்குவது என்பதில் நீதி அடங்கியிருக்கிறது. யூபிலி ஆண்டின் சட்டமும் நிலத்தின் விலையை எவ்வாண்டிலிருந்து எண்ணுவது என்பதையே பேசுகிறது (லேவியராகமம் 25:15-16).

அறிக்கைக்குத் திரும்புவோம். அதன் நூல் பெரும்பாலும் நேராகவே இழுக்கப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து. முறையும் வரையறையும் மறைவின்றிக் கூறப்படுகின்றன. நுட்பமான படங்கள் கிடைத்தபோது பழைய எண்களைத் திருத்தவும் அதன் ஆசிரியர் தயங்கவில்லை. ஒரு பகுதிப் பெருக்கம் மரத்தின் வளர்ச்சியாலன்றிப் பார்வைக் கூர்மையால் விளைந்திருக்கலாம் என்பதை வாசகன் தானே ஊகிக்க வேண்டியிருப்பது குறை. இயற்கைக் காட்டையும் நட்ட தோப்பையும் கருவேலப் புதரையும் ஒரே தலைப்பில் கூட்டுவது பெருங்குறை. அலையாத்திக்கெனத் தனி அதிகாரம் ஒதுக்கியிருப்பது பாராட்டுக்குரியது. 2021-இன் அறிக்கை தமிழகத்துக்கு 45 சதுர கிலோமீட்டர் அலையாத்தி இருப்பதாகக் கூறியது, அதில் பெரும்பகுதி பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலுமே உள்ளது. ஆனால் அலையாத்தியைச் சூழ்ந்த மரமற்ற சதுப்புக்கு அந்நூலில் அதிகாரம் இல்லை. வெளிப்படுத்தலின் புறம்பான பிரகாரம்போல அது அளவுக்கோலுக்கு வெளியே கிடக்கிறது. எண்ணூரில் அது எவர் காலால் மிதிபடுகிறது என்பதைக் காட்டுக்குப்பத்து மீனவர் எந்த அறிக்கையின் துணையுமின்றிக் கூறுவர். எந்த மாதத்தில் எந்த வாய்க்காலில் எவ்வகை இறால் ஏறும், எந்தத் திட்டு எப்போது மூடப்பட்டது, எங்கே முன்பு முழுகி நீந்திய ஆழம் இன்று முழங்காலளவாயிற்று என்பன அவர்கள் நினைவில் ஆண்டுவாரியாக உள்ளன. எசேக்கியேலின் ஆறு கணுக்காலிலிருந்து ஆழத்துக்குச் சென்றது. இங்கே சாம்பலால் ஆழம் கணுக்காலுக்கு வருகிறது. இந்நினைவுகளைப் பெயரும் இடமும் காலமும் குறித்து எழுதிவைக்கும் பணியை, கோடைவிடுமுறையில் சபைகளுக்கு அனுப்பப்பெறும் நம் இறையியல் மாணவர் இருவர் மூவர் ஓராண்டில் தொடங்கிவிடலாம். அதற்கு நாடாவும் வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும், 1996-இன் வரைபடத்தின் ஒரு படியும் போதும்.